வலிக்குதான்னு யாராவது கேட்டாங்களா? வாலிபாலும் பயிற்சிச் சுமையின் கதையும்

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை எடுத்துவிட்டு, வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சரிசெய்திருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு மேட்ச்சில் ஆரம்பிக்கலாம்.

1964 அக்டோபர் 23. டோக்கியோ ஒலிம்பிக். வாலிபால் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட முதல் வருஷம் அது. பெண்கள் பிரிவில் ஆறே அணிகள், எல்லாரும் எல்லாரோடும் ஆடணும். கடைசி ஆட்டம் ஜப்பானுக்கும் சோவியத் யூனியனுக்கும். ஜப்பான் 15-11, 15-8, 15-13 என்று நேர் செட்டில் ஜெயித்துத் தங்கம் வாங்கியது. டோக்கியோவைச் சுற்றியுள்ள கான்டோ பகுதியில் அந்த ஒளிபரப்பின் ரேட்டிங் 66.8 சதவீதம். ஜப்பானில் விளையாட்டு ஒளிபரப்புகளில் இன்னைக்கு வரைக்கும் அதுதான் ரெக்கார்ட். 2002 கால்பந்து உலகக் கோப்பையில் ஜப்பான் ஆடிய மேட்ச் கூட அதைத் தாண்டலை.

அந்த அணிக்கு உலகம் வைத்த பேர் 'கிழக்கின் சூனியக்காரிகள்'. அவங்க எப்படி ஜெயிச்சாங்கன்னு நிறைய பேர் சொல்லியிருக்காங்க. நான் இன்னைக்குப் பேச வந்தது வேற. அந்தப் பயிற்சி அவங்க உடம்புக்கு என்ன செய்துன்னு யாராவது அளந்தாங்களா? அளக்கணும்ங்கிற எண்ணமே எப்போ வந்தது? இப்போ இடுப்புல சென்சார் கட்டி, காலையில மொபைல்ல கேள்வி கேட்டு, எல்லாத்தையும் அளக்கிறாங்களே, அது யாருக்காக?

பஞ்சாலையிலிருந்து வந்த அணி

1964 அணியின் 12 பேரில் 10 பேர் ஒரே கம்பெனிக்காரங்க. நிச்சிபோ என்கிற நூற்பாலைக் கம்பெனி. ஒசாகா மாகாணத்தில் கைஸுகா என்ற ஊரில் அதன் ஆலை. ஜப்பானில் அப்போ பஞ்சாலைகளில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். கம்பெனி விடுதியிலேயே தங்கி வேலை பார்ப்பார்கள். அவர்களுக்காக ஆலைகள் வாலிபால் அணி வைத்திருந்தன. நம்ம ஊர்ல ரயில்வே டீம், போலீஸ் டீம், பேங்க் டீம்னு இருக்குல்ல, அந்த மாதிரிதான்.

கோச்சின் பேர் ஹிரோபுமி டைமட்சு. அவரும் அதே கம்பெனி ஊழியர். இரண்டாம் உலகப் போரில் சிப்பாய். 1944 இம்பால் போர்முனையிலிருந்து உயிரோடு திரும்பியவர். நம்ம மணிப்பூர் இம்பால்தான். பசியாலும் நோயாலும் ஆயிரக்கணக்கான ஜப்பானிய வீரர்கள் செத்துப்போன பின்வாங்கல் அது. மனுஷ உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதைப் பற்றி அவருக்கு இருந்த கணக்கு அங்கிருந்து வந்தது.

பெண்கள் காலையில் ஆபீஸ் வேலைக்குப் போவார்கள். சாயங்காலம் வேலை முடிந்ததும் பயிற்சி. அது நள்ளிரவு வரை போகும், பெரிய போட்டி நெருங்கினால் அதையும் தாண்டும். மறுநாள் காலையில் மறுபடி வேலை. 1964 மார்ச்சில் அமெரிக்காவின் 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' பத்திரிகை இவர்களைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு வைத்த தலைப்பு, 'டிரிவன் பியாண்ட் டிக்னிட்டி'. மானம் மரியாதையை எல்லாம் தாண்டி விரட்டப்பட்டவர்கள் என்கிற அர்த்தத்தில்.

அந்தப் பயிற்சியின் மையம், உருண்டு பந்தை எடுப்பது. பந்து எங்க விழுந்தாலும் பாய்ந்து, தரையில உருண்டு, பந்தை எடுத்து, உடனே எழுந்து நிக்கணும். ஜப்பானில் ஒரு பொம்மை உண்டு. எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்துவிடும். அதைப் பார்த்துத்தான் டைமட்சுவுக்கு இந்த யோசனை வந்தது என்பார்கள். நம்ம தஞ்சாவூர் பொம்மையை நினைச்சுக்கோங்க. கோச் பந்தை எறிந்துகொண்டே இருப்பார். ஒருத்தர் உருண்டு, எழுந்து, மறுபடி உருண்டு... இதுதான் மணிக்கணக்கில்.

பலனும் கிடைத்தது. 1961-ல் ஐரோப்பாவுக்குப் போய் 22 ஆட்டங்களில் தொடர்ந்து வெற்றி. 1962-ல் மாஸ்கோவில், சோவியத் மண்ணிலேயே அவர்களைத் தோற்கடித்து உலக சாம்பியன். கைஸுகா அணி 1959 முதல் 1966 வரை தொடர்ச்சியாக ஜெயித்த ஆட்டங்கள் 258.

இங்க ஒண்ணு நேர்மையா சொல்லணும். இந்தப் பெண்கள் பின்னாளில் கொடுத்த பேட்டிகளில், 'எங்களை யாரும் கட்டாயப்படுத்தலை, நாங்க விரும்பித்தான் ஆடினோம்' என்றுதான் சொன்னார்கள். கேப்டன் மசாயே கசாய்க்கு ஒலிம்பிக் சமயத்தில் 31 வயசு. அந்தக் கால ஜப்பானில் அந்த வயசுக்கு முன்னாடியே கல்யாணம் ஆகியிருக்கணும்னு எதிர்பார்ப்பாங்க. அதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு ஆடியவர். அவங்களை வெறும் பாவப்பட்டவங்களா காட்டுறது அவங்களுக்கே செய்யிற அவமரியாதை.

ஆனா ஜப்பான் அந்த வெற்றியிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம்தான் பிரச்சினை. டைமட்சு எழுதிய 'என் பின்னால் வா' என்ற புத்தகம் பிரபலமாச்சு, சினிமாவாச்சு. அவர் 1968-ல் நாடாளுமன்ற மேலவைக்கே போனார். 'இப்படி வதைச்சாத்தான் தங்கம்' என்பது பள்ளிக்கூட மைதானம் வரைக்கும் ஒரு கொள்கையா இறங்குச்சு. நம்ம கண்ணுக்குத் தெரியுறது மேடையில் நின்ற 12 பேர். அதே மாதிரிப் பயிற்சியில், வேற வேற ஊர்களில், முட்டி போய், முதுகு போய், விளையாட்டையே விட்டுட்டுப் போனவங்க எத்தனை பேர்? அதை யாரும் எண்ணலை. எண்ணாத வரைக்கும் அந்தக் கொள்கை தோற்கவே முடியாது.

எண்ண ஆரம்பித்தவர்கள்

அதே 1960-களில், ஸ்வீடனில் குன்னார் போர்க் என்ற உளவியலாளர் ரொம்ப எளிமையான ஒரு கேள்வியை எடுத்துக்கிட்டார். 'இந்த வேலை உனக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கு? ஒரு நம்பர் சொல்லு.' அவர் வைத்த அளவுகோல் 6-ல் தொடங்கி 20-ல் முடியும். அதென்ன 6? ஆரோக்கியமான இளைஞரின் இதயத்துடிப்பு ஓய்வில் சுமார் 60, உச்சத்தில் சுமார் 200. அவர் சொல்ற நம்பரைப் பத்தால் பெருக்கினா துடிப்புக்குப் பக்கத்தில் வரும். மனுஷன் தன் உடம்பைப் பற்றிச் சொல்றது வெறும் புலம்பல் இல்லை, அதுவும் ஒரு அளவைதான்னு காட்டினவர் அவர்.

1975-ல் கனடாவில் எரிக் பானிஸ்டர் குழு இன்னொரு கோணத்தில் யோசித்தது. ஒவ்வொரு பயிற்சியும் உடம்பில் ரெண்டு விஷயத்தை விட்டுட்டுப் போகும்: திறன், களைப்பு. ரெண்டும் நாளாக நாளாகக் குறையும். ஆனா களைப்பு சீக்கிரம் குறையும், திறன் மெதுவா குறையும். இன்னைக்கு நீங்க எப்படி ஆடுவீங்க என்பது திறன் மைனஸ் களைப்பு. பெரிய போட்டிக்கு முந்தின வாரம் பயிற்சியைக் குறைக்கிறாங்களே, அதுக்கான கணக்கு இந்த ஒரு வரிக்குள்ள இருக்கு.

1990-களில் அமெரிக்காவில் கார்ல் ஃபாஸ்டர் இதை எந்தக் கோச்சும் பயன்படுத்தக்கூடிய அளவுக்கு எளிமையாக்கினார். பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து வீரரிடம் கேளு: 'இன்னைக்கு எப்படி இருந்தது? பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் சொல்லு.' அந்த நம்பரைப் பயிற்சி நேர நிமிடங்களால் பெருக்கு. முடிஞ்சது. ரெண்டு மணி நேரப் பயிற்சி, கஷ்டம் 6 என்றால், 120 பெருக்கல் 6, அதாவது 720 யூனிட். ஆய்வகம் வேணாம், ரத்தம் எடுக்க வேணாம், ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

கைஸுகாவை இதில் போட்டுப் பார்க்கலாமா? கணக்குக்காக ஒரு ஊகம்தான். ஏழு மணி நேரம், கஷ்டம் 9 என்று வைத்தால் 420 பெருக்கல் 9. ஒரே நாளில் 3,780 யூனிட். அதுக்கு முன்னாடி ஆபீஸ் வேலை வேற. அது கணக்கிலேயே வரலை.

ஃபாஸ்டரின் இன்னொரு கணக்குதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. அதுக்குப் பேர் 'மோனோடனி', ஒரே மாதிரித்தன்மை. ஒரு வாரத்தின் தினசரிச் சுமைகளின் சராசரியை எடுங்க. அந்தச் சுமைகளின் திட்ட விலக்கத்தால், ஸ்டாண்டர்டு டீவியேஷன்னு படிச்சோமே, அதால வகுங்க. உதாரணத்துக்கு, ஒரு வாரம் 1000, 200, 1000, 200, 1000, 200, 600. மொத்தம் 4,200, சராசரி 600, திட்ட விலக்கம் 400. மோனோடனி 1.5. பொதுவா 2-ஐத் தாண்டினா கவனம்னு சொல்வாங்க. இப்போ அதே 4,200-ஐ தினமும் 600, 600, 600-ன்னு ஏழு நாளும் போடுங்க. திட்ட விலக்கம் பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தால் வகுக்கணும். என்னை மாதிரி கோடு எழுதுறவங்களுக்குத் தெரியும், புரோகிராம் அங்கேயே எர்ரர் அடிச்சு நின்னுடும். தினமும் ஒரே மாதிரி விரட்டினா ஃபார்முலாவே தாங்காதுங்க, உடம்பு எப்படித் தாங்கும்?

இதுக்குப் பின்னாடி ஒரு குதிரைக் கதை உண்டு. 1994-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் பந்தயக் குதிரைகளுக்குக் கடினமான நாள், லேசான நாள் என்று மாற்றி மாற்றிப் பயிற்சி கொடுத்தார்கள். கடினமான நாட்களைக் கூட்டிக்கொண்டே போனபோது குதிரைகள் சமாளித்தன. லேசான நாட்களையும் கடினமாக்கியபோதுதான் அவை தளர்ந்துபோயின. ஃபாஸ்டர் மனிதர்களிடம் பார்த்தது இதோட ஒத்துப்போச்சு. கோச் 'இன்னைக்கு லேசான நாள்' என்று திட்டம் போடுவார். அன்னைக்கு ஆடினவங்களைக் கேட்டா, அவர் நினைத்ததைவிட அதிகக் கஷ்டம்னு சொல்வாங்க. திட்டத்தில் இருக்கிற சுமை வேற, உடம்பில் இறங்குற சுமை வேற.

முட்டிக்கு ஒரு கணக்கு

வாலிபாலுக்கு இதில் ஒரு தனிப் பிரச்சினை இருக்கு. ஓட்டக்காரருக்குக் கிலோமீட்டர், நீச்சல்காரருக்கு மீட்டர். வாலிபாலில் ஓடுற தூரம் ரொம்பக் குறைவு. அங்க காசு மாதிரி செலவாகிறது குதிப்பு. ஸ்பைக்குக்குக் குதிக்கணும், பிளாக்குக்குக் குதிக்கணும், ஜம்ப் சர்வுக்குக் குதிக்கணும். செட்டர், நம்ம ஊர்ல லிஃப்டர்னு சொல்வோமே, அவர் கூடப் பந்தைத் தூக்கிக் கொடுக்க ஓயாமல் குதிப்பார், உயரம் மட்டும் குறைவா இருக்கும்.

ஒவ்வொரு குதிப்பையும் இறக்கத்தையும் வாங்கிக்கொள்வது முட்டிச் சில்லுக்குக் கீழே இருக்கிற தசைநாண். அதில் வரும் நாள்பட்ட வலிக்கு 'ஜம்ப்பர்ஸ் நீ' என்றே பேர். 2005-ல் நார்வே ஆய்வாளர்கள் பல விளையாட்டுகளின் எலைட் வீரர்களைப் பரிசோதித்தார்கள். ஆண் வாலிபால் வீரர்களில் சுமார் 45 சதவீதம் பேருக்கு அந்த நேரத்தில் இந்த வலி இருந்தது. அவர்கள் பார்த்த விளையாட்டுகளிலேயே இதுதான் அதிகம். நூத்துக்கு 45 பேர், வலியோடுதான் அன்னைக்கும் ஆடிக்கிட்டு இருந்தாங்க.

அதே நார்வேயில் இளம் எலைட் வாலிபால் ஆட்டக்காரர்களைத் தொடர்ந்து கவனித்த இன்னொரு ஆய்வு 2013-ல் வெளிவந்தது. வாரத்துக்கு ஒரு மணி நேரப் பயிற்சி கூடினால், இந்த வலி வருவதற்கான வாய்ப்பு விகிதம் சுமார் 1.7 மடங்கு. வாரத்துக்கு ஒரு செட் போட்டி ஆட்டம் கூடினால், சுமார் 3.9 மடங்கு. இது யாருக்கு அதிகம் வலிக்கும்னு யோசிங்க. நல்லா ஆடுற பையனுக்கு. அவனைத்தான் ஸ்கூல் டீமும் கூப்பிடும், கிளப்பும் கூப்பிடும், மாநில டீமும் கூப்பிடும். மூணு கோச்சும் அவங்கவங்க பங்கை மட்டும்தான் பார்ப்பாங்க. மொத்தத்தைக் கூட்டிப் பார்க்கிறவர் யாரும் இல்லை, அவன் முட்டியைத் தவிர.

அதனாலதான் இப்போ பெரிய அணிகள் பயிற்சியில் இடுப்புப் பட்டையில் ஒரு குட்டி சென்சார் வைக்கிறாங்க. உங்க போன்ல இருக்கிற அதே வகை ஆக்ஸிலரோமீட்டர், கைரோஸ்கோப்தான். எத்தனை முறை குதிச்ச, எவ்வளவு உயரம் என்பது உடனே டேப்லெட்டில் வந்துடும். காயத்திலிருந்து திரும்பி வர்ற வீராங்கனைக்கு 'இன்னைக்கு இவ்வளவு குதிப்புதான், போய் உட்காரு' என்று கோச் சொல்ல முடியுது.

குதிப்பை மட்டும் எண்ணினா போதுமா?

போதாது. அதுக்கு ஒரு பேர் போதும்: ஃப்ளோ ஹைமன்.

அமெரிக்க வாலிபாலின் மிகப் பெரிய நட்சத்திரம். 6 அடி 5 அங்குல உயரம். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி. அதன் பிறகு ஜப்பானில் டாய்யே என்ற கம்பெனியின் அணிக்கு ஆடப் போனார். 1986 ஜனவரி 24, மட்சுயே நகரத்தில் ஒரு லீக் மேட்ச். மாற்று ஆட்டக்காரர் உள்ளே போக, ஹைமன் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அப்படியே சரிந்தார். அன்னைக்கே இறந்துட்டார். வயசு 31.

முதலில் மாரடைப்பு என்றுதான் நினைத்தார்கள். குடும்பம் கேட்டுக்கொண்டதால் நடந்த உடற்கூறாய்வில்தான் உண்மை தெரிந்தது. மார்ஃபான் சிண்ட்ரோம். உடம்பின் இணைப்புத் திசுவைப் பாதிக்கிற மரபணுக் குறை. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி கிழிந்திருந்தது. மார்ஃபான் இருக்கிறவங்க பெரும்பாலும் உயரமா, நீண்ட கை கால், நீண்ட விரல்களோட இருப்பாங்க. எந்த உடலமைப்பைப் பார்த்து 'இவர் வாலிபாலுக்கே பிறந்தவர்' என்று உலகம் கொண்டாடியதோ, அதுதான் எச்சரிக்கையும். அந்தக் கண்ணோடு யாரும் பார்க்கலை. ஒரு எக்கோ ஸ்கேன் பெருந்தமனியில் இருந்த கோளாறைக் காட்டியிருக்கலாம். அவர் இறந்த பிறகு அவருடைய சகோதரரைப் பரிசோதித்தார்கள்; அவருக்கும் அதே குறை இருந்தது, அறுவை சிகிச்சை நடந்தது.

எந்தச் சுமைக் கணக்கும், எந்தக் குதிப்புக் கணக்கும் ஹைமனைக் காப்பாத்தியிருக்காது. 'இந்த வீரர் எவ்வளவு உழைக்கிறார்' என்பது ஒரு கேள்வி. 'இந்த மனுஷி எப்படி இருக்காங்க' என்பது வேற கேள்வி. ரெண்டையும் கேட்கணும்.

காலையில் நாலு கேள்வி

ரெண்டாவது கேள்வியைக் கேட்கிறதுக்கும் ஒரு வழி வந்தது. 1995-ல் ஆஸ்திரேலியாவில் ஹூப்பர், மெக்கினன் என்ற ஆய்வாளர்கள் தினமும் கேட்க நாலு விஷயங்களைச் சொன்னார்கள்: தூக்கம் எப்படி, களைப்பு எவ்வளவு, மன அழுத்தம் எவ்வளவு, தசை வலி எவ்வளவு. 1-லிருந்து 7-க்குள் ஒரு நம்பர். இன்னைக்குப் பல அணிகளில் காலையில் மொபைலில் வர்ற ஃபார்ம் இதோட வாரிசுதான்.

'இவ்வளவுதானா? ரத்தப் பரிசோதனை மாதிரி விஞ்ஞானமா ஒண்ணும் இல்லையா?' என்று தோணும். 2016-ல் ஆனா சாவும் அவரது சகாக்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பயிற்சிச் சுமை ஏறி இறங்குவதை, ஹார்மோன் போன்ற வழக்கமான பரிசோதனைகளைவிட, வீரர் தானாகச் சொல்ற பதிலே நுணுக்கமாகவும் சீராகவும் காட்டியது. ஊசி போட்டு ரத்தம் எடுக்கிறதைவிட, 'எப்படிம்மா இருக்க?' என்று கேட்டு, சொல்ற பதிலை நம்புறது நல்ல கருவி. கைஸுகாவில் 1964-லயே இதைச் செய்ய காகிதம் பென்சில் போதும். அந்தக் கேள்வியைக் கேட்கிற பழக்கம்தான் இல்லை.

அதே 2016-ல் இன்னொரு அலையும் அடிச்சது. இந்த வாரச் சுமையைக் கடந்த நாலு வாரச் சராசரியால் வகு; 0.8-லிருந்து 1.3-க்குள் இருந்தால் பாதுகாப்பு, 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து என்று டிம் கேபெட் எழுதினார். ஒரே நம்பர், பச்சை-சிவப்பு விளக்கு. டாஷ்போர்டு பண்றவங்களுக்குக் கொண்டாட்டம். சில வருஷத்தில் இம்பெல்லிசெரி போன்ற ஆய்வாளர்கள் அந்த விகிதத்தின் கணிதத்தையே கேள்வி கேட்டாங்க: இது காயத்தை முன்கூட்டிச் சொல்லும் என்பதற்கு ஆதாரம் போதாது. அளக்கிறது தப்பில்லை. நம்பர் வந்ததும் ஆளிடம் பேசுறதை நிறுத்திடுறதுதான் தப்பு.

பதில் சொல்றவங்க பயந்தா?

கடைசியா ஒரு சிக்கல். காலையில் ஃபார்ம் வருது. உங்களுக்கு முட்டி வலி. '6' போட்டால் கோச் பார்ப்பார், இன்னைக்கு மேட்ச்சில் பெஞ்ச். அடுத்த வருஷ கான்ட்ராக்ட் இந்த சீசனைப் பொறுத்தது. என்ன போடுவீங்க? '2' தான். ஆபீஸ்ல 'எம்ப்ளாயீ வெல்பீயிங் சர்வே' வந்தா, பேர் வராதுன்னு சொன்னாலும், நாம எல்லாத்துக்கும் நாலு ஸ்டார் போட்டுட்டு வேலையைப் பார்க்கிறோமே, அதேதான். பயம் இருக்கிற இடத்தில் எவ்வளவு நல்ல ஆப் போட்டாலும் வர்ற டேட்டா குப்பை.

ஆக, கண்காணிப்பு என்பது டெக்னாலஜி விஷயமா ஆரம்பிச்சு, கடைசியில் கோச்சுக்கும் ஆட்டக்காரருக்கும் நடுவில் என்ன உறவு இருக்குங்கிற இடத்தில் வந்து நிக்குது. இதை ஜப்பானே இப்போ பேசுது. 2020-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு, ஜப்பானில் விளையாட்டுப் பயிற்சியின் பேரில் குழந்தைகள் அடிக்கப்படுவதைப் பற்றி முழு அறிக்கையே வெளியிட்டது.

நவோமி மசுகோ என்று ஒருத்தர் இருக்காங்க. 1980-களில் ஜப்பான் தேசிய அணியின் நட்சத்திரம். பள்ளி நாட்களில் கோச்சிடம் அடி வாங்கி வளர்ந்ததையும், அதனால் வாலிபாலையே வெறுத்ததையும் வெளிப்படையா பேசியவர். 2015-லிருந்து சின்னப் பிள்ளைகளுக்காக ஒரு வாலிபால் போட்டி நடத்துறாங்க. அதன் பேரே 'கோச் கோபப்படக் கூடாது' போட்டி. ரூல் அவ்வளவுதான். கோபப்பட்ட கோச்சுக்கு, பெருக்கல் குறி போட்ட ஒரு மாஸ்க் கொடுத்துடுவாங்க, மாட்டிக்கிட்டு உட்காரணும்.

சென்சார் இல்லை, ஃபார்முலா இல்லை. ஆனா அந்த மைதானத்தில் ஒரு பத்து வயசுப் பிள்ளை 'சார், எனக்கு முட்டி வலிக்குது' என்று பயப்படாம சொல்லும். இவ்வளவு நேரம் நாம பேசின அத்தனை கணக்கும் நம்பி நிக்கிறது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

கேட்டுக்கிட்டிருக்கிறவங்கள்ல கோச் இருக்கலாம், பி.டி. டீச்சர் இருக்கலாம், வாரக்கடைசியில் அபார்ட்மென்ட் பசங்களுக்குப் பந்து போடுறவங்க இருக்கலாம். நாளைக்குப் பயிற்சி முடிஞ்சதும் கேட்டுப் பாருங்க: 'பத்துக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு?' வர்ற நம்பரைத் தேதி போட்டு எழுதி வைங்க. ஒரு மாசம் கழிச்சு எனக்கு எழுதுங்க, அடுத்தடுத்த எபிசோட்ல பேசுவோம்.